படைக்கலமும் பருவமும்

மறம் பாடிய சங்கப் பாடல்களுள் ஒக்கூர் மாசாத்தியாரின் புறநானூற்று 279ஆம் பாடல் தலைசிறந்த ஒன்று. பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் போருக்கு உயிர் கொடுத்த ஒரு பெண், மீண்டும் போர்ப்பறை கேட்டதும் தன் ஒரே மகன் கையில் வேலைக் கொடுத்துக் களத்திற்கு அனுப்புகிறாள். அவன் வயதைப் புலவர் கூறவில்லை. அவன் தலைக்குத் தாயே எண்ணெய் தடவி விடுவதால், மிக இளையவன் என்று உய்த்துணர்கிறோம். அவள் மறத்தை வியக்கும் நாம், அவன் வயதை வினவுவதில்லை. இக்காலச் சட்டம் வினவுகிறது.

1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமை உடன்படிக்கை, 15 வயது நிரம்பாதவரைப் போரில் ஈடுபடுத்தலாகாது என்றது. 2000ஆம் ஆண்டின் விருப்ப நெறிமுறை அவ்வெல்லையை 18 ஆக உயர்த்தியது. அரசு சாராத ஆயுதக் குழுக்கள் 18 வயதுக்குட்பட்டோரைச் சேர்த்தலே கூடாது என்றும் விதித்தது.

இவ்விதியின் அருமையை ஈழம் உணர்த்தும். 17 வயதுக்குட்பட்டோரைச் சேர்ப்பதில்லை என 1998இல் ஐ.நா. சிறப்புப் பிரதிநிதி ஒலாரா ஒட்டுண்ணுவிடம் விடுதலைப் புலிகள் உறுதியளித்தனர். அதன் பின்னரும் சிறுவர் சேர்ப்பு தொடர்ந்ததை யுனிசெஃப் பதிவு செய்தது. பிரிந்து சென்ற கருணா அணியும் அதையே செய்தது. 'அவர்களே விரும்பி வந்தனர்' என்பது இத்தகைய இடங்களில் கூறப்படும் விடை. சிறுவரின் விருப்பம் விடையாகுமா?

ஆகாது என்பதற்கு ஹதீஸ் நூல்களில் சான்றுண்டு. உஹதுப் போரின்போது 14 வயதினரான இப்னு உமர் (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் படையில் சேர அனுமதிக்கவில்லை. அகழ்ப்போரின்போது 15 வயதில் அனுமதித்தார்கள். ஆர்வம் இருந்தும் பருவமே அளவுகோலாயிற்று.

பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்த 'சொல்தா' குடும்பங்களை அறிந்த புதுவையில் சீருடைக்கு மதிப்புண்டு. மூலக்குளத்து மாணவரும் படைப்பணியை நாடலாம், அது பெருமையே. 2022இல் தொடங்கிய அக்னிபத் திட்டத்தில் 17½ வயதிலேயே சேரலாம். எனினும் 18 நிரம்பிய பின்னரே வீரர் களத்திற்கு அனுப்பப்படுவர் என்று, 2005இல் நெறிமுறையை ஏற்றபோது இந்தியா அறிவித்துள்ளது. தீவிரவாதக் குழுக்கள் சிறுவரைச் சேர்த்தால் 7 ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டென்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம்.

மறத்தைக் கற்பிப்போம், அதனுடன் வயதைக் கேட்கவும் கற்பிப்போம். பிள்ளை தானே முன்வந்தாலும் 'பொறு' என்று தடுத்து நிறுத்துவது பெரியோர் கடன்.