வேர் விட்டதெல்லாம் அசையாச் சொத்தா?

நம்பிக்கை: மண்ணில் வேரூன்றி நிற்பது எதுவானாலும் அசையாச் சொத்துதான்.

உண்மை: சித்தூர்ப் பக்கத்து மாந்தோட்டங்களில் பூ வைக்கும் பருவத்திலேயே வியாபாரி வந்து, அந்த ஆண்டுக் காய்ப்புக்கு விலை பேசி முன்பணம் கொடுத்துவிடுவது வழக்கம். மாங்கூழ் ஆலைக்குப் போகப்போகும் கிளிமூக்கு மாங்காய் அப்போது கண்ணுக்கே தெரியாது. மரம் நிலத்தோடு சேர்ந்தது, காய் மரத்தோடு சேர்ந்தது, ஆகவே பத்திரப் பதிவு இல்லாத இந்தப் பேரம் செல்லாது என்று சொல்பவர்கள் உண்டு. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அதன் 2(9) பிரிவு, வெட்டுவதற்கு நிற்கும் மரம், விளையும் பயிர், புல் ஆகியவற்றோடு மரத்தின் மேலுள்ள பழத்தையும் மரத்துக்குள் இருக்கும் சாற்றையும் அசையும் சொத்தில் சேர்க்கிறது. ஆகவே ஒரு பருவத்துக் காய்ப்பை மட்டும் விற்பது சரக்கு விற்பனை. அதற்குப் பதிவு தேவையில்லை. ஆனால் அந்தக் காயைத் தாங்கும் மாமரம், ஆண்டாண்டுக்கும் காய்க்கட்டும் என்று விட்டுவைத்திருக்கும் வரை, அசையாச் சொத்து. ஒரே கிளையில் இரண்டு வகைச் சொத்து இருக்கிறது. எது எந்த வகை என்பதை, அதை என்ன செய்யப்போகிறார்கள் என்ற கேள்விதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது.

நம்பிக்கை: நோக்கம்தான் முக்கியமென்றால், 'வெட்டத்தான் வாங்கினேன்' என்று எழுதிக்கொண்டால் போதும்.

உண்மை: நோக்கத்தை அளவுகோலாக வைத்தால் ஆளுக்கொரு விதமாகத் திரித்துவிடுவார்களே என்ற ஆட்சேபம் நியாயமானது. அதற்கான விடை 1958-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சாந்தாபாய் எதிர் பம்பாய் அரசு வழக்கில் இருக்கிறது. காட்டிலுள்ள மரங்களை 12 ஆண்டுகள் வெட்டி எடுத்துக்கொள்ளும் உரிமை, பதிவு செய்யாத ஆவணத்தின் வழியே தரப்பட்டிருந்தது. நீதிபதி விவியன் போஸ் வார்த்தையைப் பார்க்கவில்லை, காலத்தைப் பார்த்தார். சீக்கிரமே வெட்டிவிடப்போகிற மரம் அசையும் சொத்து. மண்ணிலிருந்து சத்தை உறிஞ்சி இன்னும் பல ஆண்டுகள் வளரப்போகிற மரம் நிலத்தின் பகுதி. 12 ஆண்டு உரிமை என்பது நிலத்திலிருந்து கிடைக்கும் பலனே. பதிவில்லாததால் அந்த உரிமை நிற்கவில்லை. மாந்தோட்டத்துக்கும் இதே கணக்குதான். தோட்டத்தையே கையில் வாங்கிக்கொண்டு ஐந்தாண்டு பராமரித்து அனுபவிக்கும் குத்தகை, வெறும் முத்திரைத்தாள் கையெழுத்தோடு நின்றால், தகராறு வரும் நாளில் பதிவுச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு அந்தத் தாளைச் சாட்சியமாக ஏற்க விடாது. குற்றவியல் சட்டமும் இதே கோட்டைத்தான் போடுகிறது. நிற்கும் மரத்தைத் திருட முடியாது. கோடரி அதை மண்ணிலிருந்து பிரித்த கணத்தில் அது திருட்டுக்குரிய அசையும் பொருளாகிவிடும். 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த இந்த விளக்கம், பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவிலும் தொடர்கிறது. பட்டா நிலத்தில் செம்மரம் வளர்ப்பவர் ஒன்றை மறந்துவிடக் கூடாது: அசையும் சொத்து என்பதால் பதிவு வேண்டாமே தவிர, வனத்துறை அனுமதி வேண்டாம் என்று ஆகிவிடாது.

நம்பிக்கை: போல்ட் போட்டுக் கான்கிரீட்டில் இறக்கிவிட்டால் அது கட்டடத்தோடு போய்விடும்.

உண்மை: திருப்பதி விடுதி ஒன்றின் மொட்டை மாடியில் நிற்கும் செல்போன் கோபுரத்தை எடுத்துக்கொள்வோம். அதை அடித்தளத்தில் இறுக்கியிருப்பது காற்றில் ஆடாமல் நிற்பதற்காக. கட்டடத்துக்கு நிரந்தர மேம்பாடாக இருப்பதற்காக இல்லை. கழற்றி வேறிடத்தில் நிறுத்தலாம், விற்கவும் செய்யலாம். இந்தக் காரணங்களை அடுக்கித்தான், 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பாரதி ஏர்டெல் வழக்கில் கோபுரங்கள் அசையும் பொருள்களே என்று வரிச்சலுகைக்கு வழிவிட்டது. இதே நீதிமன்றம் 2016-இல் அகமதாபாத் மாநகராட்சி வழக்கில், கோபுரத்தின் மீது கட்டட வரி விதிக்கலாம் என்றதே, இது முரண்பாடு இல்லையா என்று கேட்கலாம். இல்லை. அங்கே கேள்வி, 'நிலங்களும் கட்டடங்களும்' என்ற மாநில வரிப் பட்டியலில் கோபுரம் அடங்குமா என்பது. இங்கே கேள்வி, அது சரக்கா என்பது. எந்தச் சட்டம் கேட்கிறது என்பதைப் பொறுத்து விடை மாறும். வாடகைக் கொட்டகையில் மாங்கூழ் இயந்திரம் நிறுத்தியவருக்கும் 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு துணை நிற்கிறது. மாறான ஒப்பந்தம் இல்லையென்றால், இடம் தன் வசம் இருக்கும்போதே அவர் பொருத்தியதைக் கழற்றிக்கொண்டு போகலாம்; இடத்தைப் பெற்றுக்கொண்ட நிலையிலேயே திருப்பித் தர வேண்டும்.

ஆகவே ஒப்பந்தம் எழுதும்போது பொருளின் பெயரை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தக் கூடாது. எத்தனை பருவம், எப்போது வெட்டுவது, யார் கழற்றிக்கொள்வது, நிலம் யார் வசம் இருக்கும் என்பதையும் எழுத வேண்டும். அதை எழுதி முடித்தாலே பதிவு அலுவலகம் போக வேண்டுமா வேண்டாமா என்பது பாதிக்கு மேல் தெளிந்துவிடும்.