ஆயுளைக் காக்கும் ஒழுக்கம்



திருச்சிராப்பள்ளிப் பாலக்கரையில், ஒரு சிறு வாடகை வீட்டில் எம் பெரியம்மா நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, கணவரின் உத்தியோகத்தை முன்னிட்டு அங்கே குடிவந்தவர். தொண்ணூற்று நான்காம் வயதில் அமைதியாகக் கண்மூடினார். இறுதி ஆண்டுகளில் அவரைக் காண வந்தோர் பலரும் ஒரே கேள்வியைக் கேட்டனர்: "ஆயுளை இவ்வளவு நீட்டியது எப்படி?" அவர் சிரித்துக்கொண்டே சொல்வார்: "நான் எங்கே நீட்டினேன்? குறைச்சுக்காம இருந்தேன், அவ்வளவுதான்."

வயோதிகரின் வேடிக்கைப் பேச்சு என்றே யாம் அதனை எண்ணியிருந்தோம். நூல்களைப் பயின்ற பின்னரே, அது நம் ஆசாரியர்களின் கருத்து என்று உணர்ந்தோம். அதனை இப்பாடத்தில் காண்போம்.

ஆயுள் வினை

எண்வினைகளுள் ஒன்று ஆயுள் வினை. அது முற்பிறவியில் கட்டப்பட்டது. கட்டிய அளவுக்கு மேல் ஒரு கணமும் கூட்டிக்கொள்ள எவராலும் இயலாது. "அவ்வாறாயின் உணவிலும் நடத்தையிலும் கட்டுப்பாடு எதற்கு?" என்று நம் இளைஞர் கேட்பது நியாயமே. அதற்கு விடை, உமாசுவாமி ஆசாரியரின் தத்துவார்த்த சூத்திரத்தில், இரண்டாம் அத்தியாயத்தின் கடைசிச் சூத்திரத்தில் உள்ளது. தேவர், நாரகர், அப்பிறவியிலேயே வீடுபேறு எய்தும் இறுதியுடல் உடையோர், எண்ணிறந்த ஆண்டுகள் வாழ்வோர் ஆகியோரின் ஆயுள் இடையில் குறைவதில்லை என்கிறது அது. ஏனையோராகிய நம் ஆயுள் இடையிலே குறையவும் கூடும் என்பது அதனால் பெறப்படும்.

எவற்றால் குறையும்? நேமிசந்திர ஆசாரியரின் கோம்மடசாரம் அவற்றை எண்ணிக் கூறுகிறது: நஞ்சு, கடும் வேதனை, குருதி இழப்பு, அச்சம், ஆயுதத் தாக்குதல், மனக்கலக்கம், மூச்சும் உணவும் தடைப்படுதல்.

ஓர் அகல்விளக்கை நினைத்துக்கொள்வோம். எண்ணெய் முன்பே அளந்து ஊற்றப்பட்டது. காற்றில் வைத்தால் எண்ணெய் இருக்கும்போதே சுடர் அணைந்துவிடும். சுற்றிலும் மறைப்பு வைத்தால் எண்ணெய் கூடாது. உள்ள எண்ணெய் தீரும்வரை சுடர் நிற்கும். ஒழுக்கம் அத்தகைய மறைப்பு.

பிரான்சு நாட்டின் ழான் கல்மான் அம்மையார் 1875ஆம் ஆண்டில் பிறந்து, 1997ஆம் ஆண்டில் 122ஆம் வயதில் மறைந்தார். மனிதருள் சான்றுகளோடு ஏற்கப்பட்ட மிக நீண்ட ஆயுள் அவருடையது. அவரோ நெடுங்காலம் புகைபிடித்தவர்! ஆகவே நீண்ட ஆயுளைக் கண்டவுடன் ஒழுக்கமே அதற்குக் காரணம் என்று முடிவு கட்டலாகாது. அவரைக் காட்டி நாமும் புகைக்கலாம் என்பது அதனினும் பெரிய பேதைமை. ஒரு விளக்கு காற்றில் அணையாமல் நின்றது என்பதற்காகக் காற்று விளக்குக்கு நல்லதாகிவிடாது.

பெரியம்மாவின் ஒரு நாள்

விடியுமுன் எழுந்து பஞ்ச நமஸ்காரம் சொல்வார். குடிநீரைத் துணியில் வடிகட்டுவார். ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம், சாமாயிகத்தில் அமர்வார். மனக்கலக்கம் ஆயுளைக் குறைக்கும் என்று நூல் கூறுவதை நோக்கினால், அந்த 48 நிமிடத்தின் பயன் விளங்கும். வீட்டுவேலையில் தம்மால் இயன்ற பங்கைக் கடைசிவரை பிறருக்கு விட்டுக்கொடுக்கவில்லை.

உணவில் ஊனோதரம், அதாவது வயிறு நிறையுமுன் நிறுத்துதல், அவருடைய வழக்கம். முழு உணவு ஆடவர்க்கு 32 கவளம், மகளிர்க்கு 28 கவளம் என்பது நூல் வழக்கு. அதனிற் குறைத்து உண்பது புறத்தவம் ஆறனுள் ஒன்று. ஜப்பானின் ஒகினாவா தீவில் முதியோர் பலர் நீண்டநாள் வாழ்ந்து புகழ்பெற்றனர். பத்தில் எட்டுப் பங்கு வயிறு நிறைந்ததும் நிறுத்துக என்பது அவர்களிடையே வழங்கும் முதுமொழி. பெரியம்மா தம் மொழியில் சொன்னது: "இன்னும் ரெண்டு பிடி கொள்ளும்னு தோணும்போதே எழுந்துடணும்."

மாலை உணவு ஐந்தரை மணிக்கு. விளக்கேற்றிய பின் அடுப்பு எரியாது.

இத்தகைய பழக்கங்கள் இளமையில் இல்லத்தில் கற்றால்தான் முதுமையில் துணை நிற்கும். கோயம்புத்தூர் யோகா ஆசிரியை நானம்மாள் 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிப் பகுதியில் பிறந்தவர். சிறுவயதில் தந்தையிடம் யோகாசனம் கற்றார். தம் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் அதில் பழக்கி, அவர்களுள் பலரை ஆசிரியர்களாக்கினார். 2018ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்று, 2019 அக்டோபரில் 99ஆம் வயதில் மறைந்தார். அவர் கற்பித்தது அவர் குடும்பத்தில் தொடர்கிறது.

மருந்துச் சீட்டு தந்த பாடம்

பெரியம்மாவுக்கு எண்பத்தாறாம் வயதில் சர்க்கரை நோய் கண்டது. மருத்துவர் மாத்திரை எழுதி, "இரவு உணவுக்குப் பின்" என்று குறித்தார். யாமும் இரவு எட்டரை மணிக்குத் தவறாமல் கொடுத்தோம். ஒருநாள் பின்னிரவில் அவர் உடல் வியர்த்து, கைநடுங்கி, சொல் குழறினார். விழுங்கும் நிலையில் இருந்ததால் சர்க்கரை நீர் புகட்டினோம். சிறிது நேரத்தில் தெளிந்தார்.

மறுநாள் வீட்டில் பெரும் வாக்குவாதம். விரதமே இதற்குக் காரணம், விட்டுவிட வேண்டும் என்றனர் சிலர். மாத்திரையை நிறுத்திவிடலாம், வினைப்படி நடக்கட்டும் என்றனர் வேறு சிலர். மருத்துவரோ ஒன்றே கேட்டார்: "இவர் இரவு உணவு எத்தனை மணிக்கு?" பிழை எம்முடையது. இரவு உணவே இல்லாத வீடு என்பதை யாம் அவரிடம் சொல்லவே இல்லை. அவர் மாத்திரையின் அளவைக் குறைத்து, ஐந்தரை மணி உணவோடு சேர்த்தார். பெரியம்மா, நோய் வந்தால் மருந்தும் சர்க்கரை நீரும் எந்நேரமும் கொள்வது என்று தம் விரதத்துக்கு எல்லை வகுத்துக்கொண்டார். அதன்பின் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். விரதமும் நின்றது, உயிரும் நின்றது.

காற்றுக்கு வைத்த மறைப்பே சுடர்மேல் சாய்ந்துவிடாமல் பார்ப்பதும் நம் கடமை என்பதை அன்று கற்றோம்.

ஆசாரியர் சாந்திசாகரர் 1872ஆம் ஆண்டில் பிறந்தவர். முதுமையில் கண்ணொளி மங்கி, நடக்கையில் சிற்றுயிர்களைக் கண்டு விலகுவது அரிதானபோது, குந்தல்கிரியில் சல்லேகனை ஏற்று 36ஆம் நாளில், 1955 செப்டம்பரில், உடல் நீத்தார். அது நெடுந்தவத்தினர் முறைப்படி ஏற்கும் விரதம். இல்லறத்தார் மருந்தை மறுத்து நோயை முற்றவிடுவதோடு அதனை ஒப்பிடலாகாது. ஆயினும் ஒன்று விளங்கும்: அவர் உடலைப் பேணியதும் அகிம்சைக்காக, விடுத்ததும் அகிம்சைக்காக.

இல்லத்தில் செய்யத்தக்கவை

1. அலுவலகம், பள்ளி, டியூஷன் என்று நாள்தோறும் பொழுது சாயுமுன் உண்ண இயலாதோர், அஷ்டமி, சதுர்த்தசி ஆகிய இரு நாள்களிலேனும் குடும்பத்தோடு தொடங்குக.

2. வீட்டு முதியோரின் உணவு நேரத்தையும் விரத நாள்களையும் ஒரு தாளில் எழுதி, மருத்துவரிடம் செல்லும்போதெல்லாம் காட்டுக. மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ, நேரம் மாற்றவோ வேண்டா.

3. விரதம் ஏற்கும்போதே, நோய்க்காலத்தில் கொள்ளத்தக்கவை எவை என்று தெளிவாக வரையறுத்துக்கொள்க.

4. பிள்ளைகளைப் பாட்டியின் அருகில் அமர்த்தி, அவர் நாளை எவ்வாறு கழிக்கிறார் என்று கேட்டு எழுதச் சொல்லுக. அவர் இருக்கும்போதே கேட்டு எழுதுக. எம் பெரியம்மாவிடம் யாம் கேட்காமல் விட்டவை பல.