தீனியை விட்ட மீனுக்குப் பூண்டு எட்டாது

புனே மாவட்டத்தின் இந்தாபூர், பாராமதி வட்டாரங்களில், பாசனத்துக்காக வெட்டி நீர் கசியாதபடி பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட ‘ஷேத்தளே’ எனும் பண்ணைக்குட்டைகளில் ரோகுவும் கட்லாவும் வளர்ப்போர், பாக்டீரியா நோய்க்கு மூலிகைச் சாற்றை நாடும்போது முதலில் பார்க்க வேண்டியது, மீன் இன்னும் தீனி எடுக்கிறதா என்பதையே. உடலில் இரத்தத் திட்டுகளையும் துடுப்பு அழுகலையும் வயிற்று வீக்கத்தையும் உண்டாக்கும் ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா என்ற பாக்டீரியா நன்னீரில் எப்போதும் இருப்பதுதான். நெரிசலும் உயிர்வளிக் குறைவும் மீனைத் தளரச் செய்யும்போது அது நோயாக மூள்கிறது.

பூண்டின் பாக்டீரியா எதிர்ப்புப் பொருளான அல்லிசின், முழுப் பல்லில் இருப்பதில்லை. நசுக்கும்போது பல்லிலுள்ள நொதி வேலை செய்து அதை உருவாக்குகிறது. கொதிக்க வைத்தால் அந்த நொதி அழிந்துவிடும் என்பதால், பச்சையாக நசுக்கிச் சிறிது நேரம் வைத்திருந்து தீனியில் கலப்பதே முறை. மஞ்சளின் குர்க்குமின் தண்ணீரில் ஏறக்குறைய கரையாதது. அதை எண்ணெயில் குழைத்துச் சேர்க்க வேண்டும்.

இதை எழுதுபவரின் குட்டையில் இவை யாவும் சரியாகவே நடந்தன, தவறியது நாள். தவிடும் கடலைப் புண்ணாக்கும் நிரப்பித் தண்ணீரில் இறக்கிய தீனிப்பை மாலையில் கனம் குறையாமல் மேலே வந்தபோதே மீன்கள் தின்பதை நிறுத்திவிட்டன என்று உணர்ந்திருக்க வேண்டும். மாறாக, எப்படியாவது மருந்து உள்ளே போகட்டும் என்று பூண்டு கலந்த தீனி இருமடங்காக இறக்கப்பட்டது. தின்னாத தீனி, கழிவைச் சிதைத்து ஏற்கும் மண் இல்லாத அந்தப் பிளாஸ்டிக் அடித்தளத்தில் அழுகியது. அம்மோனியா ஏறியது, விடியலுக்கு முன் உயிர்வளி வீழ்ந்தது, நோய் கொன்றதைவிட அதிகமான மீன்களை அந்தத் தண்ணீர் கொன்றது. அன்று கரையில் நின்று ‘மூலிகை என்றாலே வீண்’ என்றவர்களின் தீர்ப்பு ஏற்கத்தக்கதன்று. பூண்டு தோற்கவில்லை, மீனின் வயிற்றை அது எட்டவே இல்லை.

எந்தச் செடியின் சாறு என்ற குறிப்புக்கூட இல்லாத புட்டியைக் கொடுத்து, ‘இயற்கையானது, எவ்வளவு ஊற்றினாலும் கெடுதல் இல்லை’ என்று சொன்ன விற்பனையாளரின் பேச்சும் பொய்யே. வேப்பஞ்சாறுகூட அளவு மீறினால் மீனுக்கு நஞ்சாகும். ஆய்வகத் தட்டில் பாக்டீரியாவைத் தடுத்த சாறு குட்டையிலும் தடுக்கும் என்பதற்கும் உறுதியில்லை.

ஆகவே மூலிகைத் தீனியை, மீன் நன்றாகத் தின்னும் நாளிலேயே, நெரிசல் கூடும்போதும் குளிர் தொடங்குமுன்னும் கொடுக்க வேண்டும். பையை நாள்தோறும் எடைபோட வேண்டும். எடை குறையாத அன்றே தீனியை நிறுத்தி, தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றி, காற்றூட்டியை இரவு முழுவதும் ஓட்டி, உயிருள்ள நோயுற்ற மீனை மீன்நோய் ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சிவந்த புண் எல்லாம் பாக்டீரியாவால் வருவதும் அன்று; மீன்பேன் கடித்த இடமும் அவ்வாறே சிவக்கும், அதற்குப் பூண்டு மருந்தாகாது.