ப்ரீஆம்புக்கு ஆம்ப்ளிஃபையரின் மின்சாரம் ஆகாதா?

"ப்ரீஆம்புக்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர் போடாவிட்டால் ஹம் நிச்சயம்."

சொந்தமாக ஆம்ப்ளிஃபையர் அசெம்பிள் செய்கிறவர்களிடம் இந்த நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இன்று கிடைக்கும் கிளாஸ் டி போர்டுகள் பலவற்றில் ப்ரீஆம்புக்கென்றே ஒரு துணை சப்ளை, அதாவது ஆக்ஸ் அவுட்புட், இருக்கிறது. அதைத் தொடாமல் விட்டுவிட்டு, இன்னொரு 15-0-15 டிரான்ஸ்ஃபார்மரை வாங்கிப் பெட்டிக்குள் திணிக்கிறார்கள். அந்த டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலமே பக்கத்தில் இருக்கும் ப்ரீஆம்பில் ஹம்மை ஏற்றிவிடுவதும் உண்டு.

வரலாறு இந்த நம்பிக்கைக்கு ஆதரவாக இல்லை. இங்கிலாந்தின் குவாட் நிறுவனம் 1959இல் கொண்டுவந்த குவாட் 22 ப்ரீஆம்புக்குச் சொந்த சப்ளையே கிடையாது. ஹீட்டருக்கான 6.3 வோல்ட், வால்வுக்கான உயர் மின்னழுத்தம் இரண்டையும் அது குவாட் 2 பவர் ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஒரு கேபிள் வழியாக வாங்கிக்கொண்டது. அதே காலத்தில் அமெரிக்காவில் வந்த டைனகோ ஸ்டீரியோ 70இன் முன்பக்கத்தில் ப்ரீஆம்புக்கு மின்சாரம் தருவதற்கென்றே சாக்கெட்டுகள் இருந்தன. சால்ஸ்பரியின் நெய்ம் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போனது. அதன் பல ஆம்ப்ளிஃபையர்களில் ப்ரீஆம்புக்கான 24 வோல்ட்டும் பாட்டின் சிக்னலும் ஒரே டின் கேபிளுக்குள் பயணம் செய்கின்றன.

நெய்மே ஹைகேப் என்ற தனி சப்ளைப் பெட்டியையும் விற்றதே என்று கேட்கலாம். விற்றது. தனி சப்ளையால் மேம்பாடு கிடைக்கலாம் என்பது ஒரு கூற்று. பொது சப்ளையால் கெடும் என்பது வேறு கூற்று. முதலாவதைக் கேட்டுவிட்டு இரண்டாவதை நம்புவதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

"ஆக்ஸ் லைனில் இருக்கும் ரிப்பிள்தான் ஸ்பீக்கரில் ஹம்மாகக் கேட்கிறது."

இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ப்ரீஆம்புகளில் பரவலாகப் பயன்படும் 5532 ஐசி, சப்ளையில் வரும் ஏற்ற இறக்கத்தைச் சாதாரணமாக 100 டெசிபல் அளவுக்கு, அதாவது ஒரு லட்சத்தில் ஒரு பங்காக, அடக்கிவிடும். லைனில் 10 மில்லிவோல்ட் ரிப்பிள் இருந்தால் ஐசியின் உள்ளீட்டில் அதன் தாக்கம் 0.1 மைக்ரோவோல்ட்தான். அது காதில் விழாது.

இப்போது 0 வோல்ட் ஒயரைப் பாருங்கள். பிரிட்ஜ் டையோடுக்கும் ஃபில்டர் கெபாசிட்டருக்கும் நடுவே நொடிக்கு 100 முறை கனமான மின்னோட்டத் துடிப்புகள் ஓடுகின்றன. அந்தப் பாதையில் எங்கோ ஓரிடத்திலிருந்து ப்ரீஆம்புக்கு கிரவுண்டை எடுத்துவிட்டால், 0.01 ஓம் மட்டுமே உள்ள ஒயர்த் துண்டில் 1 ஆம்பியர் ஓடினாலும் 10 மில்லிவோல்ட் உண்டாகும். இந்த 10 மில்லிவோல்ட்டை ஐசி அடக்காது. அதைப் பொறுத்தவரை இதுவும் பாட்டின் ஒரு பகுதிதான். நேராக சிக்னலோடு கூடிவிடும். இரண்டு இடத்திலும் அதே 10 மில்லிவோல்ட்தான். புகுந்த இடம் மாறியதால் விளைவு லட்சம் மடங்கு வேறாகிறது.

ஆக்ஸ் சப்ளையில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. ப்ரீஆம்பின் கிரவுண்டு ஆக்ஸ் ஒயர் வழியாக ஒருமுறையும், சிக்னல் கேபிளின் ஷீல்டு வழியாக இன்னொரு முறையும் ஆம்ப்ளிஃபையரைத் தொடுகிறது. இரண்டும் சேர்ந்து ஒரு வளையம் ஆகிவிடுகிறது. மின்சாரம் எங்கிருந்து வந்தது என்பதைவிட, எந்த வழியாகத் திரும்புகிறது என்பதைத்தான் ஹம்மைத் தேடுகிறவர் கேட்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் சப்ளையாக இருந்தால் 0 வோல்ட்டை ஃபில்டர் கெபாசிட்டர்களைத் தாண்டிய பொதுப் புள்ளியிலிருந்து எடுங்கள். பிளஸ், மைனஸ், 0 மூன்று ஒயர்களையும் ஒன்றாக முறுக்குங்கள். போர்டில் பேலன்ஸ்டு இன்புட் இருந்தால் கட்டாயம் அதைப் பயன்படுத்துங்கள். இரண்டு சிக்னல் ஒயர்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை மட்டும் அது எடுத்துக்கொள்வதால், கிரவுண்டில் ஏறும் இரைச்சலின் பெரும்பகுதி தானாகவே கழிந்துவிடும்.

"பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிட்டால் ஹம் நின்றுவிடும்."

நிற்கலாம். அதனால்தான் இது இவ்வளவு ஆபத்தானது. எர்த் இல்லாத இரும்புப் பெட்டிக்குள் டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் பழுதானால் 230 வோல்ட் பெட்டியின் மேல் வந்து நிற்கும். ஃபியூஸ் போகாது, எந்த அறிகுறியும் தெரியாது, வால்யூமைக் கூட்டப் போகிறவரின் கைதான் முதலில் அதைக் கண்டுபிடிக்கும். ஹம்மைத் தீர்க்க வேறு வழிகள் இருக்கும்போது இதை யாரும், ஒரு நாளுக்காகக்கூடச் செய்யக் கூடாது. தெரிந்தவர் செய்திருந்தால் சொல்லி மாற்ற வையுங்கள்.

"ஆக்ஸ் என்று போட்டிருந்தால் அப்படியே மாட்டிவிடலாம்."

இது மறுபக்கத்துத் தவறு. ஆக்ஸ் லைன்கள் பல ரெகுலேட் செய்யப்படாதவை. பிரதான லைனில் லோடு ஏறி இறங்கும்போது இவையும் நகரும். 5532இன் உச்ச வரம்பு பிளஸ் மைனஸ் 22 வோல்ட். 24 வோல்ட் ஆக்ஸை நேராகக் கொடுத்தால் ஐசி போய்விடும். 7815, 7915 ரெகுலேட்டர்களைப் போட்டு பிளஸ் மைனஸ் 15 ஆக்குவதே முறை. ஒரு 5532 சுமார் 8 மில்லிஆம்பியர்தான் எடுக்கும். நான்கைந்து ஐசி, 50 மில்லிஆம்பியர் என்று வைத்தாலும் ஒரு ரெகுலேட்டரில் வீணாவது 0.45 வாட், ஹீட்சிங்க் இல்லாமலே சமாளிக்கும். வால்வு ப்ரீஆம்ப் என்றால் கதை வேறு. ஒரு 12ஏஎக்ஸ்7 வால்வின் ஹீட்டர் மட்டும் 6.3 வோல்ட்டில் 300 மில்லிஆம்பியர் கேட்கும். டேட்டாஷீட்டில் ஆக்ஸ் எவ்வளவு தரும் என்று பார்க்காமல் அதை மாட்டக் கூடாது.

இசைத்தட்டுக்கான ஃபோனோ ப்ரீஆம்புக்கு மட்டும் தனி சப்ளை கேட்பவர்களோடு நான் வாதாட மாட்டேன். 5 மில்லிவோல்ட் சிக்னலை நூறு மடங்கு பெருக்கும் இடம் அது. பவர் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி, தனிப் பெட்டியில் இருப்பதே அதற்கு நல்லது.

மற்ற ப்ரீஆம்புகளில் ஹம் வந்தால், டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும் முன் இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்குங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, ஆக்ஸ் ஒயர் மூன்றையும் கழற்றி, பேட்டரியில் ப்ரீஆம்பை ஓட்டிக் கேளுங்கள். ஹம் இருந்தால் ஆக்ஸுக்கு அதில் பங்கில்லை. சிக்னல் கேபிளையும் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் இடத்தையும் பாருங்கள். ஹம் இல்லாவிட்டால், பேட்டரி அப்படியே இருக்க, ஆக்ஸின் 0 வோல்ட் ஒயரை மட்டும் திரும்ப மாட்டுங்கள். இப்போது ஹம் வந்தால் குற்றவாளி கிரவுண்டு. வராமல், பேட்டரியை எடுத்து பிளஸ், மைனஸையும் மாட்டிய பிறகுதான் வருகிறது என்றால், அப்போது சப்ளையைச் சந்தேகிக்கலாம்.