எம் 82 படத்தில் ஓடும் சிவப்பு

அன்புள்ள வாசக நண்பருக்கு,

ஹபிள் தொலைநோக்கி எடுத்த எம் 82 கேலக்ஸியின் படத்தைத் திருப்பூர்ச் சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் உங்கள் அண்ணனிடம் காட்டியதாகவும், "நொய்யல் ஆத்துல சாயத்தண்ணி ஓடுன மாதிரியே இருக்குது" என்று அவர் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த வரி இரண்டு நாளாக என் மனத்தை விட்டுப் போகவில்லை. நட்சத்திரங்கள் பிறந்தது போக மிஞ்சும் கழிவுதானா அந்தச் சிவப்பு என்று கேட்டிருக்கிறீர்கள்.

கழிவு இல்லை. இனிமேல் நட்சத்திரமாக வேண்டிய வாயுதான் அப்படி வெளியேறுகிறது. உங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், துணியாக வேண்டிய நூலே கம்பெனி வாசலைத் தாண்டிப் போகிறது.

எம் 82 சுமார் 1 கோடியே 20 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. எம் 81 என்ற பெரிய கேலக்ஸி அதை நெருங்கிக் கடந்தபோது, அதன் ஈர்ப்பு எம் 82-இன் வாயுவைக் கலக்கி நடுப்பகுதியில் குவித்தது. குவிந்த இடத்தில் நட்சத்திரங்கள் கூட்டங்கூட்டமாகப் பிறந்தன. ஷிப்மென்ட் தேதி நெருங்கும்போது நிட்டிங் மெஷின்கள் இரவு பகல் பாராமல் ஓடுமே, அந்த மாதிரி வேகம். அப்படிப் பிறந்தவற்றில் மிகப் பெரியவை சில கோடி ஆண்டுகளுக்குள் வெடித்துவிடும். நம் சூரியன் தன் 1,000 கோடி ஆண்டு வாழ்நாள் முழுவதும் கொட்டும் ஒளியின் ஆற்றலுக்கு ஏறக்குறைய ஈடான ஆற்றலோடு ஒவ்வொரு வெடிப்பும் வாயுவைத் தள்ளுகிறது.

ஒரே ஒரு வெடிப்பு என்றால் அதன் சூடு சுற்றியுள்ள வாயுவில் ஆறிப்போகும். எம் 82-இல் ஒன்று ஆறுவதற்குள் பக்கத்தில் அடுத்தது வெடிக்கிறது. சூடான குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கோடிக்கணக்கான டிகிரி வெப்பத்தை எட்டுகின்றன. பாய்லர் நீராவி எந்தப் பக்கம் அடைப்பு குறைவோ அந்தப் பக்கம் பீறிடும் என்று உங்கள் அண்ணனுக்குத் தெரியும். கேலக்ஸி தட்டையானது, தட்டின் ஓரங்களில் வாயு தடித்துக் கிடக்கிறது. ஆகவே சூடான காற்று மேலும் கீழுமாகப் பீறிடுகிறது.

நீங்கள் பார்த்த சிவப்பு அந்தக் காற்று அல்ல. காற்று இழுத்துக்கொண்டு போகும் ஹைட்ரஜன் மேகங்கள். விநாடிக்குச் சுமார் 600 கிலோமீட்டர் வேகம். 1963-இல் வானியலாளர்கள் லிண்ட்ஸும் சாண்டேஜும் இந்தப் பாய்ச்சலைக் கண்டறிந்தபோது, கேலக்ஸியின் நடுவே ஒரே பெரிய வெடிப்பு நடந்திருக்கிறது என்று எண்ணினார்கள். எண்ணற்ற நட்சத்திரங்களின் கூட்டு வேலை என்பது பின்னால் தெளிந்தது. சூடான காற்று எக்ஸ்-கதிரில்தான் தெரியும். அதைத் துல்லியமாகக் காட்டிய தொலைநோக்கி 1999-இல் ஏவப்பட்ட சந்திரா. நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கியது என்பதால் அந்தப் படங்களைப் பார்க்கும்போது எனக்குத் தனி மகிழ்ச்சி.

உங்கள் அண்ணன் சொன்னது ஒரு விதத்தில் ஆழமாகவே பொருந்துகிறது. நொய்யலில் சாயக்கழிவு கலந்ததால், 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவுப்படி உங்கள் ஊர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதை நீங்கள் இருவரும் பார்த்தவர்கள். வேலையின் வேகமே வேலையை நிறுத்தியது. கேலக்ஸியிலும் பிறப்பின் வேகமே அடுத்த பிறப்புக்கான வாயுவை விரட்டுகிறது. ஈர்ப்பு குறைந்த சின்ன கேலக்ஸிகள் இதில் அதிகம் இழக்கின்றன. அவற்றில் நட்சத்திரங்கள் குறைவாக இருப்பதற்கு இதை முக்கியமான காரணமாகச் சொல்கிறார்கள்.

ஆனால் நொய்யலில் போனது நிலத்தைக் கெடுத்தது. இங்கே போவதில் நட்சத்திரங்கள் சமைத்த ஆக்சிஜனும் கார்பனும் இரும்பும் கலந்திருக்கின்றன. ஒரு பகுதி மறுபடி கேலக்ஸிக்குள்ளேயே விழுந்து புதிய நட்சத்திரங்களில் சேரும். மீதி கேலக்ஸிகளுக்கு இடையிலுள்ள வெளியில் தங்கும். அங்கேயும் கார்பன் இருப்பதைத் குவாசர்கள் எனப்படும் தொலைதூரப் பிரகாசமான கேலக்ஸி மையங்களின் ஒளியில் கண்டிருக்கிறார்கள்.

பங்குனி மாத இரவு ஒன்பது மணிவாக்கில், ஊர் வெளிச்சத்தை விட்டு வெகுதூரம் போய் வடக்கே பாருங்கள். சப்தரிஷி மண்டலத்துக்கு அருகே, சின்னத் தொலைநோக்கியில் எம் 82 தெரியும். சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய கீற்றுதான். அண்ணனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்