மகாநாடும் விசாவும்

‘விசா’ என்பது இலத்தீன் வழிவந்த சொல். ‘பார்க்கப்பட்டது’ என்பது பொருள். கடவுச்சீட்டை மற்றோர் அரசு பார்த்து ஏற்றமைக்கு அது சான்று. ஆயினும் அரசின் கண் சீட்டோடு நிற்பதில்லை.

1950 ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திலே அனைத்துலகக் கணித மகாநாடு கூடியது. அங்கே பீல்ட்ஸ் பதக்கம் பெறவிருந்த பிரான்சியர் லோறன் சுவார்ட்ஸ் ஒருகாலத்தில் திரொட்ஸ்கியவாதியாக இருந்தவர். ஆதலின் அவருக்கு விசா எளிதிற் கிட்டவில்லை. இடதுசாரிச் சார்புடைய ஜாக் அடமாருக்கும் அதே இடர். 84 வயது முதியவரிடம் எதைக் கண்டு அஞ்சினரோ! அவ்விருவரும் இன்றித் தாமும் வாரோமெனப் பிரான்சியக் கணித அறிஞர் ஒருங்கே நின்றனர். ஈற்றில் விசா கிடைத்தது. சுவார்ட்ஸ் நேரிற் சென்று பதக்கம் பெற்றார்.

வாயில் சிலவேளை புறப்படும் நாட்டிலேயே அடைபடுவதும் உண்டு. அதே பதக்கத்தைப் பெற நோவிக்கோவ் 1970 இல் நீஸ் நகருக்குச் செல்லவும், மார்க்குலிஸ் 1978 இல் எல்சிங்கிக்குச் செல்லவும் சோவியத் அரசு விடவில்லை. எல்சிங்கி அவையில் மார்க்குலிசின் ஆய்வை எடுத்துரைத்த ஜாக் திட்ஸ், அவர் வாராமைக்குத் தம் வருத்தத்தை வெளிப்படையாகவே கூறினார். எழுத்தால் மட்டும் அறிந்திருந்தவரை அன்று நேரிற் காணலாமென அவர் எதிர்பார்த்திருந்தார்.