சித்திரை வெயிலில் பீட்சா மாவு

சென்னையில் வீட்டில் செய்யும் பீட்சா பெரும்பாலும் மாவு பொங்கும் நேரத்திலேயே கெட்டுப்போகிறது. சுட்டெடுத்த பிறகு சாஸையும் சீஸையும் குறை சொல்லிப் பயனில்லை. தி.நகரில் பணம் கட்டிப் படித்த பேக்கிங் வகுப்பில் இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கையில் கொடுத்த தாளில் இருந்தது இதுதான்: அரை கிலோ மைதா, 7 கிராம் யீஸ்ட், வெதுவெதுப்பான தண்ணீர், கதகதப்பான இடத்தில் இரண்டு மணி நேரம். அந்த ஒரு வரியால் நான் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை.

பீட்சாவை ஏன் வீட்டில் செய்ய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என் மாமியார்தான் பதில். அவர் வெங்காயம், பூண்டு சேர்க்க மாட்டார். கடையில் வாங்கும் பீட்சாவில் பெரும்பாலும் சாஸிலேயே பூண்டு இருக்கும். எங்கள் மந்தைவெளி வீட்டில் குழந்தைகள் ஆர்டர் செய்யும் நாளிலெல்லாம் அவர் தட்டில் தயிர் சாதம்தான். "எனக்கு இதுவே போதும்" என்பார். எனக்குப் போதவில்லை. வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே பண்டத்தைச் சாப்பிட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வகுப்பில் சேர்ந்தேன்.

அக்னி நட்சத்திர நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடையாறிலிருந்து நாத்தனார் குடும்பத்தோடு வந்திருந்தார். தாளில் இருந்தபடியே பிசைந்து மூடி வைத்தேன். சற்று நேரத்தில் மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "பொங்கி வழியறதே, எடுத்துடேன்" என்றார். இரண்டு மணி நேரம் என்று எழுதியிருக்கிறது என்றேன். திறந்தபோது மாவு நடுவில் அமுங்கி, ஓட்டை ஓட்டையாக, கள் வாடை அடித்தது. தேய்க்கத் தேய்க்கக் கிழிந்தது. சுட்டெடுத்தால் புளித்த, வெளுத்த தட்டை. கடைசியில் வெளியே சொல்லி வரவழைத்தோம். மாமியாருக்கு மறுபடியும் தயிர் சாதம். "முதல்லயே ஆர்டர் பண்ணியிருக்கலாமே மன்னி" என்றார் நாத்தனார்.

மறுநாள் வகுப்பு நடத்தியவரைக் கேட்டேன். யீஸ்ட் பழசாக இருந்திருக்கும் என்றார். பழைய யீஸ்டாக இருந்தால் மாவு பொங்கவே பொங்காது. இங்கே பொங்கி வழிந்துவிட்டது. பணம் வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுப்பவர் சொல்லக்கூடிய பதிலா இது?

பிறகு நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டது இது. அந்தத் தாளில் இருந்தது போன்ற செய்முறைகள் குளிர் நாட்டுச் சமையலறைக்காக எழுதப்பட்டவை. அங்கே அறை வெப்பம் 20 டிகிரி இருந்தால் அதிகம். யீஸ்ட் தூங்காமல் இருக்கத்தான் வெதுவெதுப்பான தண்ணீர், கதகதப்பான மூலை எல்லாம். மே மாதத்தில் அடுப்பு எரியும் நம் சமையலறை 35 டிகிரியைத் தொடும். எட்டு பத்து டிகிரி கூடினாலே யீஸ்ட் வேலை செய்யும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதன்மேல் வெதுவெதுப்பான தண்ணீரையும் ஊற்றினால் இரண்டு மணி நேர வேலை முக்கால் மணியில் முடிந்துவிடும். அதற்குப் பிறகும் விட்டுவைத்தால் மாவில் இருக்கும் சர்க்கரையை யீஸ்ட் தின்று தீர்த்துவிடும். சர்க்கரை தீர்ந்த மாவு சரியாகச் சிவக்காது. என் பீட்சா வெளுத்துக் கிடந்ததற்குக் காரணம் அதுதான்.

சித்திரையில் இட்லி மாவை அரைத்து, மார்கழியில் வைப்பது போல இரவு முழுக்க வெளியில் வைப்போமா? மாமியார் எட்டிப் பார்த்ததும் வெயில் காலத்தில் இட்லி மாவைக் கவனித்துவந்த பழக்கத்தில்தான். யீஸ்ட் பாக்கெட்டை அவர் கையால் தொட்டதில்லை. ஆனாலும் மாவைப் பார்த்தே சொல்லிவிட்டார்.

இப்போது என் கணக்கு இதுதான். அரை கிலோ மைதாவுக்கு 300 மில்லி ஃப்ரிட்ஜ் தண்ணீர், 10 கிராம் உப்பு, ஒரு ஸ்பூன் சர்க்கரை, இரண்டு ஸ்பூன் எண்ணெய். இன்ஸ்டன்ட் யீஸ்ட் அரை டீஸ்பூன்தான், அதாவது ஒன்றரை கிராம். கையில் ஒட்டாமல் வரும்வரை பிசைந்து, எண்ணெய் தடவிய டப்பாவில் மூடி, சனிக்கிழமை மாலையே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறேன். ஞாயிறு மாலை எடுத்து ஆறு உருண்டையாகப் பிரித்து அரை மணி வெளியில் வைத்தால் போதும். இரண்டு மணி நேரம் வெளியில் வை என்று எங்காவது படித்தால், அந்த வரியை அடித்துவிடுங்கள்.

ஆறு உருண்டை என்பதைக் கவனியுங்கள். பெரிய பீட்சா ஒன்றைச் செய்து நாலு பேருக்கு வெட்டிக் கொடுப்பது கடைக்காரர் வசதி. கூட்டுக்குடும்பத்துக்கு எட்டு அங்குலத்தில் ஆளுக்கொன்று. அவரவர் கேட்டதை அவரவர் பீட்சாவில் போடலாம், சண்டை வராது.

பீட்சாவுக்குப் பேர்போன நேப்பிள்ஸ் நகரத்து விறகு அடுப்பு 450 டிகிரி வரை போகும். அங்கே ஒன்றரை நிமிடத்தில் பீட்சா வெந்துவிடும்.  நம் வீட்டுச் சின்ன மின்சார அடுப்பான ஓ.டி.ஜி. 250 டிகிரியோடு நின்றுவிடும். அதனால் கைப்பிடி இல்லாத இரும்பு தோசைக்கல்லை உள்ளே வைத்து அரை மணி நேரம் முழுச் சூட்டில் காயவிட்டு, அதன்மேல் பீட்சாவை நகர்த்திவிடுங்கள். எட்டு முதல் பத்து நிமிடத்தில் அடிப்பாகம் மொறுமொறுவென்று வரும். பீட்சா கல் என்று தனியாக வாங்கத் தேவையில்லை. மயிலாப்பூர் பக்கத்துப் பழைய வீடுகளில் இருப்பவர்கள் ஒன்றை மட்டும் பாருங்கள்: ஓ.டி.ஜி.யை மிக்ஸி செருகும் சின்ன பிளக்கில் செருகாதீர்கள், ஏ.சி.க்குப் போடும் பவர் பிளக்தான் வேண்டும்.

இனி மேலே போடுவது. சாஸுக்கு நாட்டுத் தக்காளி வேண்டாம், புளிப்பும் நீரும் அதிகம். சதைப்பற்றுள்ள பெங்களூர் தக்காளியைத் தோலுரித்து, நல்லெண்ணெயில் கெட்டியாகச் சுண்ட வையுங்கள். பூண்டு இல்லாத குறையைத் தீர்ப்பது எங்கள் பால்கனித் தொட்டியில் இருக்கும் கற்பூரவல்லி. ஒரிகானோவில் மணம் தரும் கார்வக்ரால் என்ற அதே பொருள் கற்பூரவல்லி இலையிலும் இருக்கிறது. இரண்டு இலையைப் பொடியாக நறுக்கிச் சாஸ் இறக்கும்போது போட்டால் போதும், மூன்றாவது இலை போட்டால் கஷாய வாசனை வந்துவிடும்.

காளான் கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீர். தண்ணீர் வற்றும்வரை வதக்காமல் போட்டால் நடுப்பகுதி சொதசொதவென்று ஆகும். குடைமிளகாயும் அப்படித்தான், ஒரு வதக்கு வதக்கிவிடுங்கள். பிள்ளைகளுக்கு ஸ்வீட் கார்ன். கணவருக்கு வெங்காயம், பச்சை மிளகாய், அதற்கு மேல் பொரித்து நொறுக்கிய மோர்மிளகாய். மோர்மிளகாயில் உப்பு இருப்பதால் அவருடைய பீட்சாவில் சீஸைக் கொஞ்சம் குறைத்துவிடுவேன். மாமியாருக்குப் பனீர், மிளகு, கற்பூரவல்லி. அவருடையதுதான் முதலில் உள்ளே போகும். வெங்காயம் வெந்த அடுப்பில் பிறகு எதை வைத்தாலும் அந்த வாடை ஏறும். உங்கள் வீட்டில் அசைவம் உண்டென்றால் அதற்கென்று ஒரு தோசைக்கல்லை ஒதுக்கிவிடுங்கள்.

சீஸ் வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். பாமாயில், வெஜிடபிள் ஆயில் என்று இருந்தால் அது பாலிலிருந்து வந்த சீஸ் இல்லை, பெயர் எதுவாக இருந்தாலும் எடுக்காதீர்கள். தண்ணீரில் மிதக்கும் ஃப்ரெஷ் மொசரெல்லா உருண்டையும் நம் ஓ.டி.ஜி.க்கு ஒத்துவராது, நீர் விடும். கட்டியாக வரும் மொசரெல்லாவை வாங்கி நீங்களே துருவுங்கள். ஒரு சின்ன பீட்சாவுக்கு 60 கிராம் தாராளம்.

செலவுக் கணக்கு கேட்பார்கள். கரண்ட், சீஸ், நேரம் எல்லாம் சேர்த்தால் பெரிய லாபம் இல்லை என்று நாத்தனார் இன்றும் சொல்கிறார். லாபத்துக்காக நான் செய்யவில்லை. வெளியே வாங்கிய எந்தப் பீட்சாவையும் என் மாமியார் ஒரு விள்ளல்கூடச் சாப்பிட்டதில்லை. வீட்டுப் பீட்சாவில் இன்னொரு துண்டு கேட்டு வாங்கிக்கொள்கிறார். நாத்தனார் குடும்பமும் லீவு நாளில் இங்கேதான் சாப்பிடுகிறது.

பேக்கிங் வகுப்பு நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் கொடுக்கும் தாளில் ஒரே ஒரு வரி சேருங்கள்: பங்குனி முதல் ஆவணி வரை குளிர்ந்த தண்ணீர், பாதிக்கும் குறைவான யீஸ்ட், ஃப்ரிட்ஜ். சென்னையில் இருந்துகொண்டு சென்னைக்காரர்களிடம் பணம் வாங்குகிறீர்கள். இந்த ஊர் வெயிலைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டியது உங்கள் கடமை.